எட்டரை மணி ஜெயில்

சகாயமேரி அக்கா வீட்டு டிவியில்
இன்று யாழினியை உள்ளே தள்ளினார்கள்.
மாமியார் பாலில் விஷம் வைத்ததாகப் பொய் வழக்கு.
செல்லூரில் எங்கள் சந்தில்
அரைமணி நேரம் ஒரு குக்கர் விசில் அடிக்கவில்லை.

வேனை விட்டு இறங்கிய மறு நிமிடம்
வெள்ளைச் சேலை, நீலக் கரை, மார்பில் நம்பர்.
தீர்ப்பு வராதவளுக்கு யார் கொடுத்தது சேலை?
பதினாலு மாதமும் நான்
பிடித்துப்போன அன்று போட்டிருந்த பூப்போட்ட நைட்டியும்
மனு பார்க்க வந்த தம்பி கொடுத்த ரெண்டு புடவையுமாகக் கிடந்தேன்.

அவளுக்குத் தனி அறை.
அறைக்கு ஜன்னல். ஜன்னலில் நிலா.
நிலா தெரிய வேண்டி விளக்கை அணைத்திருந்தார்கள்.

விளக்கு. அதை எப்படிச் சொல்ல?
பதினாலு மாதம் ஒரு டியூப்லைட் என்மேல் படுத்திருந்தது.
முந்தானையை மூஞ்சியில் போட்டால்
"மொகத்தக் காட்டிப் படு" என்று கம்பியில் தட்டுவார்கள்.
வெளியே வந்த முதல் ராத்திரி
இருட்டில் தூங்கத் தெரியவில்லை.
கக்கூஸ் லைட்டைப் போட்டு, கதவைத் திறந்துவைத்துப் படுத்தேன்.

"அங்க இப்பிடித்தான் இருக்குமாடி, தவமணி?"
அக்கா கையில் வெங்காயம், கண்ணில் தண்ணீர்,
எதனால் என்று தெரியாது.
சந்தே என் வாயைப் பார்க்கிறது.
அவள் மகள் ஜெனிட்டா மட்டும்
எனக்காக டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இப்பிடியேதான்க்கா."

யாழினியின் மூக்குத்தி மினுங்குகிறது.
என்னுடையதை அரசரடி கேட்டில்
சோப்பு நுரை போட்டுக் கழற்றினார்கள்.
தங்கம் என்று எழுதமாட்டார்கள்.
மஞ்சள் நிற உலோகம், கல் வைத்தது, ஒன்று.
கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது
மூக்கில் துளை இல்லை.

உள்ளேயும் டிவி இருந்தது. சொன்னால் சந்து நம்பாது.
அடைப்புக்கு அப்புறம், எட்டு மணி வரைக்கும்.
ஒருநாள் அதிலும் ஒருத்தியை ஜெயிலில் போட்டார்கள்.
அறுபது பேர் சிரித்தோம் பாருங்கள்.
"ஏய், மெத்தைடீ! அவளுக்கு மெத்தை!"
"கக்கூசுக்கு வரிசையே இல்ல, என்னைய அங்க மாத்திவிடச் சொல்லு"
என்றாள் உசிலம்பட்டி ஒச்சம்மா,
புருஷனை வெட்டியவள், புரையேறிப் போய்.
சரியாக எட்டுக்கு அணைத்துவிட்டார்கள்.
மறுநாள் மனு. பத்தே நிமிடம்.
வக்கீலைப் பற்றிக் கேட்க வைத்திருந்த பத்து.
"அவளுக்கு ஜாமீன் கெடச்சிருச்சாடா?" என்றேன்.
தம்பி பயந்துபோய்
எவளுக்கு என்றான்.

இப்போது யாழினி கம்பியைப் பிடித்து அழுகிறாள்.
அவள் முதுகுக்குப் பின்னே, கலங்கலாக,
கைதிகளென்று நாலைந்து பேரை நிறுத்தியிருக்கிறார்கள்.
அதில் ஒருத்தி, நரைத்தவள், வசனம் இல்லாதவள்,
சாவிச் சத்தம் கேட்டதுமே
(வார்டராக வருபவள் இன்னும் உள்ளே வரவேயில்லை)
சடக்கென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து
பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்.

அதை எந்த டைரக்டரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.
கணக்கெடுக்க
ஜோடி ஜோடியாய் உட்கார்ந்து பழகிய உடம்பு.
மற்றவர்கள் நின்றபடியே சோகமாக இருந்தார்கள்.
அவள் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.

எந்த ஜெயில்க்கா நீ? வேலூரா, திருச்சியா?
என்ன கேஸு?
இப்படி வந்து உட்கார ஒருநாளைக்கு எவ்வளவு தர்றாங்க?
கேட்பதற்குள் சோப்பு விளம்பரம்.

"என்னடி, சேர் இருக்க, தரையில உக்காந்துட்ட?"
குனிந்து பார்த்தேன்.
குத்துக்காலிட்டிருந்தேன். வலப்பக்கம் ஓர் ஆள் இடம்.
"காத்தாடி காத்து கீழதான் வருதுக்கா."

நாளைக்கு யாழினிக்குக் கோர்ட்டாம்.
புதுச் சாட்சி வருகிறானாம், விட்டுவிடுவார்களாம்.
சந்து சந்தோஷமாகக் கலைகிறது.
செல்லத்தம்மா,
இன்னும் ஒரு வாரமாவது
அவளுக்கு ஜாமீன் கிடைக்காமல் பார்த்துக்கோ.